வடமும் வாகனமும்

ஆடி பிறப்பதற்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே, சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையின் மூத்த மகன் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு ஆடிப்பூரத் தேரன்று மனைவி மக்களோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்று ஆண்டாளைச் சேவித்துவர உத்தேசித்திருப்பதாகவும், ஆனால் பிரயாணத்தின் எந்தக் கட்டத்திலும் நெரிசலில் அகப்பட்டுக்கொள்ளாதபடி வழியையும் வேளையையும் வகுத்துத் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான். ராஜபாளையத்திலேயே பிறந்து வளர்ந்து முதுமை எய்தியவன் நான் என்பதால், இவ்வூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே கிடக்கும் பதினொரு கிலோமீட்டர்ச் சாலை எந்த நேரத்தில் எப்படி மூச்சுவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவன் நம்பிக்கை. நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் நானும் திட்டம் வகுத்தேன். வகுத்து முடித்த பின்னர் என் தமக்கை சொன்ன ஒரு வார்த்தைதான், திட்டத்தைவிடப் பெரியதொரு கேள்வியை என் முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிற்று.

முதலில் சாலையின் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். திருமங்கலத்தில் புறப்பட்டுக் கொல்லம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி என்று ஊர்களை நாரில் கோத்த பூக்களைப் போலக் கோத்துக்கொண்டு மேற்கு மலையின் ஓரமாகவே போகிறது. ஆடி மாதத்தில் இந்த ஒரு சாலையை மூன்று கூட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. குற்றாலத்துச் சாரலை நாடிப் போகும் வண்டிகள் ஒரு கூட்டம். சதுரகிரி மகாலிங்கத்தை ஆடி அமாவாசையில் தரிசிக்கக் கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குச் செல்வோர் மற்றொரு கூட்டம். ஆண்டாளின் திருநட்சத்திரமான பூரத்துக்கு வருவோர் மூன்றாவது. பின்னிரண்டும் அடுத்தடுத்து வருவது தற்செயலன்று. சூரியன் கடகத்தில் இருக்கையில் சந்திரன் சிம்மத்துப் பூரத்தை வந்தடைவது, அமாவாசை கழிந்த நான்கைந்து நாட்களுக்குள்ளேதான் கூடுமாதலால், வானத்தின் கதியே இவ்விரு கூட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இந்தச் சாலையில் இறக்கிவிடுகிறது.

இவ்வளவையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, மதுரையிலிருந்து வரும்போது கல்லுப்பட்டிப் பாதையை விட்டுவிட்டு நான்குவழிச் சாலையில் விருதுநகர் வரை வந்து, சிவகாசி சென்று, அங்கிருந்து கிராமத்துச் சாலைகளாலே ராஜபாளையம் சேரும்படி சொன்னேன். தேர் நாளை விட்டுவிட்டு, ஐந்து கருட சேவை நடக்கும் ஐந்தாம் நாளோ, கிருஷ்ணன் கோயிலில் ஆண்டாளின் மடியில் ரங்கமன்னார் தலைவைத்துச் சயனிக்கும் ஏழாம் நாளோ வரலாமே என்றும் யோசனை கூறினேன். ஆனால் அந்நாட்களிலும் கூட்டம் உண்டு என்பதைக் கைப்பேசியில் கண்டுபிடித்து அவனே எனக்குத் தெரிவித்தான். திங்கட்கிழமையில் புறப்படுவதானால் ஏழரை மணிக்கு மேல் ஒன்பது மணி வரை வெளியே வண்டியை எடுக்கவேண்டாம் என்று நான் சொன்னபோது, "ராகுகாலம் பார்க்கிறீர்களா மாமா?" என்று அவன் சிரித்தான். பள்ளிக்கூட வண்டிகளும் ஆலைத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரமும் அதுவே என்பதைச் சொன்னபின் அவன் சிரிக்கவில்லை. வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தது படையெடுத்துப் புறப்படும் அரசனுக்காக. ஆயினும் மனைவி, இரண்டு குழந்தைகள், பலகாரப் பை, குடிநீர்க் குப்பிகள் ஆகிய சதுரங்க சேனையோடு புறப்படும் இக்காலத்துக் குடும்பத் தலைவனுக்கும் அவை அட்சரம் பிசகாமல் பொருந்துகின்றன.

கடைசியில், தேர் வடம் பிடிக்கும் முன்பே விடியற்காலையில் சென்று, தேரடியில் எட்ட நின்று சேவித்துவிட்டு, ஜனங்கள் திரளுமுன் ஊர் எல்லையைத் தாண்டிவிடுவது என்று முடிவாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் தமக்கை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் மேலயும் படாமப் போயிட்டு வரணும்னா, தேரு எதுக்குத் தம்பி? அது ஊரு கூடி இழுக்கிறதுல்ல?" என்றாள். சொல்லிவிட்டு அவள் தன் பூவைத் தொடுக்கப் போய்விட்டாள். எனக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை.

இறைவனைத் தரிசிக்கச் செல்கிறவனுக்குக் கூட்டம் இடையூறா, அல்லது தரிசனத்தின் ஓர் அங்கமா என்பதே அந்தக் கேள்வி.

இடையூறே என்று சொல்வோரின் பட்சத்தை அலட்சியம் செய்யலாகாது. தவமும் தியானமும் தனிமையை வேண்டுவன. அதனாலேயே சித்தர்கள் சதுரகிரியின் உச்சியைத் தேடிப் போனார்கள் என்று ஐதிகம் பேசுகிறது. ஆயிரம் தோள்கள் இடிக்க, முன்னால் நிற்பவனின் தலைக்கு மேலே ஒரு கணம் எட்டிப் பார்ப்பது தரிசனம் ஆகுமா, அந்தக் கணத்தில் மனம் மூர்த்தியிடம் இருந்ததா, இடுப்பிலுள்ள பணப்பையிடம் இருந்ததா என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லக்கூடியவர் சிலரே. அன்றியும் கூட்டம் என்பது சில சமயங்களில் யமனுக்கும் வாகனமாகிவிடுகிறது. 1954-ல் பிரயாகையின் கும்பமேளாவில் நூற்றுக்கணக்கானோரும், 1992-ல் நம் கும்பகோணத்து மகாமகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோரும் நெரிசலில் சிக்கி மாண்டதை இந்த நாடு மறக்கவில்லை. கைக்குழந்தைக்காரியும், மூச்சிரைப்பு உள்ள முதியவரும் கூட்டத்தை விட்டு விலகி நிற்பது பக்திக் குறைவென்று கூறுவது, பக்தியையும் அறியாத, கருணையையும் அறியாத பேச்சாகும். ஆகவே முன்யோசனை பாபமன்று.

எனினும், நாம் போகும் ஊர் எது என்று பார்க்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஸ்தல புருஷர்களான தந்தையும் மகளும் இந்தக் கேள்விக்குத் தம் சரித்திரத்தாலேயே பதில் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

துளசிவனம் அமைத்துப் பூத்தொடுத்து வடபத்திரசாயிக்குச் சாத்துவதன்றி வேறொன்றும் அறியாத விஷ்ணுசித்தர், பாண்டியன் சபையில் பரதத்துவம் எது என்று நிர்ணயித்துப் பொற்கிழியை வென்றார் என்பதும், மகிழ்ந்த அரசன் அவரைப் பட்டத்து யானைமேல் ஏற்றி மதுரை வீதிகளில் ஊர்வலம் வரச் செய்தான் என்பதும் குருபரம்பரைக் கதை. தோட்டத்தில் தனித்திருந்த அத்தனை ஆண்டுகளிலும் கண்ணுக்குப் புலப்படாத எம்பெருமான், ஜனசமுத்திரம் பொங்கிய அந்த வீதியிலேதான், பிள்ளையின் சிறப்பைக் காண வரும் பெற்றோரைப்போலப் பிராட்டியோடு கருடன்மேல் எழுந்தருளிக் காட்சி தந்தான். ஆழ்வார் அப்போது தமக்கு எதுவும் கேட்கவில்லை. இத்தனை கண்கள் படும் இடத்துக்கு இவன் வந்துவிட்டானே, திருஷ்டி பட்டுவிடுமே என்று பதைத்து, யானையின் மணியையே தாளமாக்கிக்கொண்டு பரம்பொருளுக்கே பல்லாண்டு பாடினார். அதனாலேயே அவர் பெரியாழ்வாரானார். கூட்டத்தைக் கண்டதும் நமக்குத் தோன்றுவது நம்முடைய சௌகரியத்தைப் பற்றிய கவலை. அவருக்குத் தோன்றியது எதிரே வந்தவனுடைய க்ஷேமத்தைப் பற்றிய கவலை. ஒரே கூட்டம் இரண்டு விதமான கவலையைப் பிறப்பிக்கிறதென்றால், வித்தியாசம் கூட்டத்தில் இல்லை என்பது வெளிப்படை.

மகளின் சரித்திரமோ என் மருமகனுடைய திட்டத்துக்கு இன்னும் சமீபத்தில் வருகிறது. விடியுமுன் புறப்படவேண்டும் என்ற யோசனை இந்த ஊருக்குப் புதியதன்று. திருப்பாவை முழுவதும் அதிகாலைப் பிரயாணத்தின் பாட்டே. ஆனால் அந்த முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை, அதாவது மூன்றிலொரு பங்கு, இன்னும் எழுந்திராத தோழியரின் வாசலில் நின்று அவர்களை எழுப்புவதிலேயே கழிகிறது. முந்தி எழுந்தவள் முந்திப் போய்விடலாம். நந்தகோபன் மாளிகை வாசலில் அவளுக்கு முன் வேறு யாரும் இருக்கப்போவதில்லை. அவளோ, ஒருத்தியைக் கெஞ்சியும் ஒருத்தியைக் கேலி செய்தும் வீடு வீடாகத் தாமதித்துக்கொண்டே போகிறாள். கூட்டம் சேருமுன் போய்விடுவதற்காக நாம் அதிகாலையில் எழுகிறோம். கூட்டம் சேர்ப்பதற்காக ஆண்டாள் அதிகாலையில் எழுந்தாள். வைஷ்ணவ சம்பிரதாயம் இப்படிச் சேர்ந்த குழாத்துக்குக் கோஷ்டி என்று பெயரிட்டது. அந்தச் சொல் இக்காலத்துப் பத்திரிகைகளில் கட்சிப் பிளவுக்குப் பெயராகிவிட்டது என்பது நம் பாஷைக்கு நேர்ந்த துரதிருஷ்டம்.

இனித் தேரைப் பற்றி. உலகத்திலுள்ள எல்லா வாகனங்களுக்கும் கூட்டம் பகை. வண்டியும் பேருந்தும் ரயிலும் ஜனங்கள் வழியில் நின்றால் நின்றுவிடும். ஜனங்கள் இல்லாவிட்டால் நின்றுவிடுகிற வாகனம் தேர் ஒன்றே. தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்றென எண்ணப்படும் ஆண்டாளின் தேரை நான்கு ரத வீதிகளையும் சுற்றி இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்க, ஒருகாலத்தில் பல நாட்கள் ஆகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரும்புச் சக்கரங்களும் இயந்திரத் தடையும் வந்தபின் சில மணி நேரத்திலேயே நிலை சேர்ந்துவிடுகிறது. ஆயினும் வடம் இன்னும் வடமாகவே இருக்கிறது. அதை இழுப்பவர்களில் எவனுடைய பலத்தினால் தேர் அசைந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆலைத் தொழிலாளியின் கையும், பால்கோவாக் கடைக்காரரின் கையும், கோட்டு வழக்கறிஞரின் கையும் ஒரே கயிற்றில் அடுத்தடுத்து இருக்கின்றன. 'நான் இழுத்தேன்' என்று எவனும் சொல்ல முடியாத காரியமாகவும், 'நான் இழுக்கவில்லை' என்று சொன்னால் பொய்யாகிற காரியமாகவும் அது இருக்கிறது. அகங்காரம் கழிவதற்கு வேதாந்திகள் எத்தனையோ உபாயங்களைச் சொன்னார்கள். அவற்றுள் வடத்தைப்போல எளியது ஒன்றை நான் கண்டதில்லை.

தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் ஒரு காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டது. ஆனால் தேரோட்டத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்தின் கீழ் கட்டையைத் தள்ளுகிறவன் தேரைக் கெடுப்பவனல்லன். வீதி முனையில் அதைத் திருப்புகிறவனும், வேகம் மீறினால் ஜனங்களைக் காப்பவனும் அவனே. பிரயாணத்தில் நேருகிற தாமதங்களிலும் இவ்விரு ஜாதி உண்டு. ரயில்வே கேட்டில் கால்மணி நேரம் நின்றவன், அந்தக் கால்மணியில் கோபத்தை வளர்த்துக்கொண்டால் அது வெறும் தடை. பின்னிருக்கையில் சோர்ந்திருந்த குழந்தைக்குச் சஞ்சீவி மலையைக் காட்டிக் கதை சொன்னால் அது முட்டுக்கட்டை.

தாமதத்தின் பெருமையை அறிந்த தெய்வம் நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட கள்ளழகர், வழியில் தாமதித்து, வைகைக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்துவிட்டதென்று அறிந்து ஊருக்குள் புகாமலே திரும்பினார் என்பது மதுரை மக்கள் பிரியமாகச் சொல்லும் கதை. அழகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் இருபது கிலோமீட்டர். ஒருநாள் மாலை புறப்படுகிறவர், மறுநாள் நகரத்தின் எல்லையில் எதிர்சேவை ஏற்று, அதற்கும் அடுத்த நாள் விடியலில்தான் ஆற்றில் இறங்குகிறார். காரணம், வழிநெடுகிலும் உள்ள நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் ஒன்றையும் விடாமல் நின்று நின்று வருகிறார். அவரிடம் போய் விரைவாகச் செல்லப் புறவழி ஒன்று இருக்கிறதென்று சொன்னால், மண்டகப்படிக்காரர்களை விட்டுவிட்டுப் போய் ஆற்றில் எனக்கு என்ன வேலை என்றுதான் கேட்பார். அன்று அவர் தோளில் கிடப்பதோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும் இவ்வூரிலிருந்து மாலை செல்கிறது. ஆண்டுதோறும் நம் சாலையில் புறப்படும் பிரயாணிகளுள் மிகப் பெரிய கூட்டங்களைத் தேடியே போகிறது அந்தப் பூமாலை.

அப்படியானால் திட்டமே வேண்டாம், தெய்வம் விட்ட வழி என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா? இந்த இடத்தில் வைஷ்ணவ ஆசாரியர்களின் பழைய விவாதம் ஒன்று உதவிக்கு வருகிறது. ஜீவன் இறைவனை எப்படிப் பற்றுகிறது என்பதற்கு வடகலையார் மர்க்கட நியாயத்தையும், தென்கலையார் மார்ஜார நியாயத்தையும் காட்டினர்; குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள, பூனைக் குட்டியையோ தாயே கவ்விக்கொண்டு போகிறது. கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, எந்தச் சந்திப்பில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று கணக்கிடும் என் மருமகன் குரங்குக் குட்டி; ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஏறி, ஜன்னலோரத்தில் தலைசாய்த்துத் தூங்கி, நடத்துனர் எழுப்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும் மூதாட்டி பூனைக் குட்டி. இருவரும் போய்ச் சேருகிறார்கள். ஆனால் குரங்குக் குட்டி மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு: அது பற்றிக்கொள்கிறதே தவிர, மரத்துக்கு மரம் தாவுவது தாய். திட்டம் நம்முடையது, சாலை நம்முடையதன்று. இந்த அளவுக்குத் தெளிவிருந்தால், திட்டமிடுகிறவன் திட்டம் குலையும்போது தானும் குலைந்துபோக மாட்டான்.

என் தமக்கையின் கேள்விக்கு நான் கண்ட சமாதானம் இதுதான். கூட்டம் வேறு, நெரிசல் வேறு. கூட்டம் மனிதர்களால் ஆவது. இந்நாளில் நெரிசலை ஆக்குவது பெரும்பாலும் வாகனங்களே. காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, "என்ன கூட்டம்!" என்று அலுத்துக்கொள்கிற ஒவ்வொருவனும், தனக்கு முன்னால் நிற்கிற வண்டிகளைத்தான் எண்ணுகிறானே அன்றித் தன் வண்டியை எண்ணுவதில்லை, அவனுக்குப் பின்னால் நிற்பவன் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒரு கார் நிற்கும் இடத்தில் இருபது பேர் நின்று தேரைச் சேவிக்கலாம். ஆதலால் நெரிசலைத் தவிர்க்க வேண்டியது தர்மமே. ஆனால் தவிர்க்க வேண்டியது, அதில் நாம் அகப்படுவதை மட்டுமல்ல, நம்மால் அது ஆவதையும்தான். நெரிசலுக்குப் பயந்து மனிதர்களைத் தவிர்த்துவிட்டு, வண்டியை மட்டும் சன்னிதித் தெரு வரைக்கும் கொண்டுபோவது தலைகீழ்த் திட்டம்.

மறுநாள் காலையில் மருமகனை அழைத்து, முதல் நாள் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். சிவகாசி வழியாக ராஜபாளையம் வரும் வரையில் திட்டம் அப்படியே இருக்கட்டும். வந்தபின் காரை அம்மா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தேரன்று விடியற்காலையில் எல்லோரும் பேருந்தில் போவோம். குழந்தைகள் களைத்துப்போனால் திரும்பவும் பேருந்திலேயே கொண்டுவந்து விட்டுவிடலாம், பதினொரு கிலோமீட்டர்தானே என்றேன். "நின்றுகொண்டு போக வேண்டியிருக்குமே மாமா," என்றான். இருக்கும் என்றேன். அம்மாவும் வருகிறாளா என்று கேட்டான். அவள்தான் முதலில் தயாராகி நிற்பாள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் எழுப்பி அழைத்துக்கொண்டு வருவாள் என்றேன்.

அன்று நாங்கள் நின்றுகொண்டுதான் போனோம். தேர் மேலைவீதி முனையில் திரும்பும்போது என் மருமகன் வடத்தின் நடுப்பகுதியில் எங்கோ இருந்தான்; கூட்டத்தில் அவன் தலை எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆடிப்பூரத்துக்கு வர எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: வழியை யோசியுங்கள், வேளையை யோசியுங்கள், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நிழலும் நீரும் யோசியுங்கள், ஊர் எல்லைக்கு வந்ததும் வண்டியை விட்டு இறங்கி நடந்து வாருங்கள்.